வளவில் கடுகு வெடித்த நாட்கள்

குருவிகுளத்துப் பக்கம் தொடர்ந்து மழை பொய்த்ததும், அன்னக்கிளி புருஷனோடும் மகளோடும் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தாள். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அவளைப் போலவே பிழைக்க வந்தவர்களால் ஊர் பிதுங்கிற்று. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலையாமல் இங்கேயே தங்கிவிட்ட மாதிரி இருந்தது. புருஷன் பிச்சையாவுக்குச் சந்தையில் மூட்டை தூக்கும் வேலை உடனே கிடைத்தது. வீடுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. ஒரு வெயில்காலம் முழுக்க ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் புளியமரத்தடியில் கிடந்தார்கள். இருட்டினால் எவனெவனோ வந்து நிற்பான். அந்தப் பயம் அவள் உடம்பை விட்டுப் போகவே இல்லை.

பிறகு ராஜதுரையின் வளவில் இடம் கிடைத்தது. ஒரே முற்றம், ஒரே கிணறு, சுற்றிலும் வீடுகள். ராஜதுரை மகா கெட்டிக்காரர். ஒவ்வொரு வீட்டையும் மூன்றாக்கி, நடுவே ஆளுயரத்துக்கு மட்டும் சுவர் வைத்திருந்தார். அதற்கு மேல் ஓடு வரைக்கும் திறப்பு, காற்றுக்காம். செங்கல் மிச்சம் பிடித்ததை வெளியே சொல்வாரா? ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் முழிப்பு வரும்.

மாசி மாதம் மகள் இசக்கித்தாய்க்குக் காய்ச்சல் கண்டு, முகமெல்லாம் முத்து முத்தாகப் போட்டது. அம்மைதான். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருக வேண்டும். அதைப் பார்த்தால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள். ஆனால் ராஜதுரை பார்த்தால் சாமான்களைத் தெருவில் வீசிவிடுவார். தை மாதம் ஒரு குடும்பத்தை அப்படித்தான் அனுப்பினார். முத்துப்போட்ட பிள்ளையைக் கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் போடுவதா?

வேப்பிலையைப் பாய்க்கடியில் ஒளித்தாள். "யார்ட்டயும் வாயத் தொறந்துராதீக" என்று பிச்சையாவிடம் சொன்னாள். இன்னொரு தொல்லையும் இருந்தது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக்கூடாது, அம்மனுக்கு ஆகாது. ஆனால் அடுப்பில் கடுகு வெடிக்காவிட்டால் சுவருக்கு அந்தப்பக்கம் உடனே தெரிந்துவிடும். அதனால் தினமும் வெறும் சட்டியில் எண்ணெய் விட்டுக் கடுகைப் போட்டாள். அது வெடிக்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, என் மேல கோவப்படு, பிள்ளைய விட்டுரு." அவ்வளவு பயத்தோடு உலகத்தில் யாரும் தாளித்திருக்கமாட்டார்கள்.

ஒரு நாள் காலையில் சுவருக்கு மேலே இரண்டு கைகள் தெரிந்தன. அவற்றில் பக்கத்து வீட்டுக் கோமதித்தாயின் கைக்குழந்தை.

"ஏட்டி அன்னக்கிளி, இவளக் கொஞ்சம் வாங்கிக்கிடு."

அன்னக்கிளி கையை நீட்டினாள், உடனே மடக்கிக்கொண்டாள். வாங்கினால் அந்தப் பச்சை மண் தொலைந்தது. வாங்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் வீடு போயிற்று. பாயில் மகள் முனகினாள்.

"வேண்டாம்க்கா" என்றாள். "இங்கன அம்மன் வந்திருக்கா."

அப்படியும் குழந்தை சுவர்மேலேயே இருந்தது.

"என் மூத்தவனுக்கும் முத்து போட்டிருக்குட்டி" என்றாள் கோமதித்தாய், அழுகையோடு. "இவளுக்கும் ஒட்டிரக்கூடாதுன்னுதான் ஒங்கிட்ட தாரேன். தெனம் நீ தாளிக்கிற சத்தம் கேட்டுச்சே. ஒன் வீட்டுல ஒண்ணுமில்லன்னுல்லா நெனச்சேன்."

"நீங்களும் தாளிச்சீகளேக்கா."

சுவருக்கு மேலிருந்த கைகள் குழந்தையை இறக்கிக்கொண்டன.

அன்னக்கிளிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. போவது போகட்டும் என்று பாய்க்கடியிலிருந்த வேப்பிலையை எடுத்துப்போய் வாசல் நிலையில் செருகினாள். கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்தாள். வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஆள் கூட்டி வந்து திட்டப்போகிறாள் என்றுதான் அன்னக்கிளி நினைத்தாள். அவளோ கையில் வேப்பிலையோடு வந்து தன் வாசலில் செருகினாள். அதைப் பார்த்து அடுத்தவளும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எல்லாம் அவளுடையதைப் போலவே உள்ளே ஒளிந்து கிடந்து சருகாகிப்போன இலைகள்.

கோமதித்தாய் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தின் நடுவே வந்து நின்றாள். எந்த வாசலுக்குப் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.