ஏரிக்கரைக்குத் தாசில்தார் வந்த நாள்

என் மகன் எதைப் பார்த்தாலும் கை தட்டுகிற வயதில் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைக் குரங்கு மாதிரி மரமேறிக் காட்டச் சொன்னார்களாம். எல்லோரும் தட்டினோம் என்று நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டேன். சொன்னான். இருளர் வீட்டுப் பிள்ளை. இவனிடம் எதைச் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று இரவெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. ஆவடி ஏரிக்கரைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

அப்போது இரண்டாம் உலக யுத்தகாலம், நான் சின்னப் பெண். ஆவடியில் பட்டாளத்துக்காக நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டா வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு என்றார்கள். சேக்காட்டுப் பக்கம் கரையில் குடிசை போட்டிருந்த இருளர்களுக்குப் பட்டா ஏது? எலி வளை வெட்டியும் பாம்பு பிடித்தும் தேனெடுத்தும் பிழைத்தவர்கள் அவர்கள். எழுந்து போ என்று ஒரு வார்த்தைதான் வந்தது.

என் அப்பா அங்கே ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபைக்கு உபதேசியார். தலைமுறை தலைமுறையாகக் கரையில் இருப்பவர்களை மாற்று இடம் கொடுக்காமல் துரத்தக் கூடாது என்று சபையாரைச் சேர்த்துக்கொண்டு மனுமேல் மனு போட்டார். சபையில் பாதிப் பேர் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கினார்கள். மீதிப் பேர் வெயிலில் அப்பாவோடு தாலுகா கச்சேரிக்கு நடந்தார்கள். கடைசியில் தாசில்தாரே நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். இருளர்கள் அங்கே குடியிருப்பது நிஜம் என்று அவருக்குப் பட்டால் ஏரிக்கு அக்கரையில் இடம். படாவிட்டால் குடிசைகளைப் பிரித்துவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் அத்தை உள்ளே வந்தாள். அப்பாவுக்கு அக்கா. ஞாயிறு பள்ளி அவள் ராஜ்ஜியம். அழுக்குக் கோவணத்தோடு நின்றால் எந்த அதிகாரி மதிப்பான் என்பது அவள் கட்சி. சபையார் வீடுகளிலிருந்தெல்லாம் பண்டிகைத் துணிகள் மூட்டையாக வந்து சேர்ந்தன. தாசில்தார் வரும் நாளன்று காலையிலேயே சபையாரோடு கரைக்குப் போய்விட்டோம். அத்தை ஒவ்வொரு தலையாகப் பிடித்து எண்ணெய் வைத்து வகிடெடுத்தாள். எனக்குச் சிறிதாகிப்போன கவுனை ஒரு சிறுமிக்குப் போட்டுவிட்டாள்.

"இன்னாம்மா, கல்யாணத்துக்கா இட்டுகினு போறே?" என்று அந்தச் சிறுமியின் அம்மா சிரித்தாள்.

அவள் புருஷனுக்கு அப்பாவின் வெள்ளைச் சட்டை. அவர்தான் அந்தக் குடிசைகளுக்குப் பெரியவர் போல. கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "இந்தச் சொக்காவோட போனா எலி கூட என்னெ யாருன்னு கேக்கும் சாமி" என்றார். அப்பாவும் சிரித்துவிட்டார். அதிகாரிகள் வந்தால் எப்படிக் கும்பிட வேண்டும் என்றும் அத்தை சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த கும்பிடு ஒன்றுதான்.

தாசில்தார் டவாலிச் சேவகனோடு வந்து இறங்கினார். எண்ணெய் வழியும் தலைகளோடு வரிசையாக நின்றவர்கள் ஒரே குரலில், "ஸ்தோத்திரம் ஐயா" என்றார்கள்.

தாசில்தார் அப்பாவைப் பார்த்தார். "ஏன் உபதேசியாரே, இருளருன்னு மனு குடுத்தீர். உம்ம கோயில் கூட்டத்தையே இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கீரே. நான் ஞானஸ்நானத்துக்கா வந்தேன்?"

"இவங்க இருளருங்கதான் ஐயா. துணிதான் எங்களுது."

"துணி உம்மது, கும்பிடு உம்மது. ஆளு மட்டும் எப்படி வேறயா இருக்கும்? எங்கேருந்து கூட்டியாந்தீர், பூந்தமல்லியா?"

சேவகன் சிரித்தான். அத்தையின் முகம் வெளிறிவிட்டது. அப்பா என்னென்னவோ சொன்னார். தாசில்தார் வண்டிப் பக்கம் திரும்பிவிட்டார். பிறகு ஏதோ தோன்றியவர் போல நின்றார். "சரி. நிஜ இருளனா இருந்தா ஒரு பாம்பு புடிச்சுக் காட்டச் சொல்லும். பாத்துட்டு எழுதறேன்."

அப்பாவே, தன் சட்டையைப் போட்டிருந்த அந்த மனிதரின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "காட்டிடுப்பா" என்றார்.

அந்த மனிதர் தாசில்தாரைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். சட்டையை மடித்து அப்பா கையில் கொடுத்துவிட்டுத் தாழம்புதருக்குள் இறங்கினார். அவர் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து, சிறுமியின் முகத்தை மடியில் புதைத்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல வேடிக்கையைப் பார்க்க விடமாட்டேன் என்கிறாளே என்று எனக்கு அந்தப் பிள்ளைக்காக வருத்தமாக இருந்தது.

அவர் வெகுநேரம் கழித்து வந்தார். கையில் நல்ல பாம்பு. படம் விரித்துச் சீறியது. தாசில்தார் நாலடி பின்னால் போய், "சரி சரி, இருளன்தான், கொண்டுபோ" என்றார். சபையார் கை தட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது நான். அவர் பாம்பைப் புதருக்கே கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தபோது அப்பா சட்டையை நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அக்கரையில் இடம் கிடைத்தது. யாரையும் துரத்தவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில் நன்றி சொல்லி ஜெபித்தார்கள். எங்கள் சபையில் ஒரு காரியம் ஜெயமானால் அதற்காக உழைத்தவர் எழுந்து, ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, நீதான் சொல்லணும்" என்றாள்.

அப்பா எழுந்து முன்னால் வந்து நின்றார். ஒரு வசனத்தைப் பிடித்தால் அரைமணி நேரம் விடாதவர். அன்று வாய் திறக்கவே இல்லை. சபையார் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஞாயிறு பள்ளியில் ஒருவருக்கு மனப்பாடம் மறந்துபோனால், பக்கத்தில் இருப்பவர்கள் முதல் சொல்லை எடுத்துக்கொடுப்போம். நான் முட்டிபோட்டு நகர்ந்து அப்பாவின் வேட்டியை இழுத்தேன்.

"ஆண்டவருடைய கிருபையால்…" என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தேன்.

அப்பா குனிந்து என்னைப் பார்த்தார். அவருக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னேன்.