சீட்டு எடுக்க வந்த நைனா

சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. மகளும் மருமகனும் ஆளுக்கொரு அறையில் அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அடுப்பு யார் பொறுப்பு என்பது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. நானே எழுந்துபோய் அணைத்தேன்.

என் சின்ன வயதில், பழவேற்காட்டு ஏரித் தீவான பசியாவரத்தில் எங்கள் வீட்டில் அது நைனாவின் பொறுப்பு. அம்மா விடியுமுன் மீன்கூடையோடு படகேறி, பழவேற்காட்டுச் சந்தைக்குப் போய்விடுவாள். நைனா கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பார். ஊருக்குத் தெரியக் கூடாதாம்.

ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று கோயிலடியில் சீட்டு எடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பெயரைக் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்காவிட்டால் அந்த முறை போனது போனதுதான். விதிகளோடே பணிக்காலத்தைக் கழித்த நான்கூட இத்தனை கறாரான விதியைப் பார்த்ததில்லை. ஒருநாள் கோயிலடியிலிருந்து நைனாவின் பெயர் கேட்டபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது, கைக்குழந்தையான தம்பி வீறிட்டுக்கொண்டிருந்தான். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நைனா ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கூட்டம் சிரித்தது. "பொம்பள வேல பாக்கறவனுக்குப் பாடு எதுக்குடா?" என்று ஊர்த் தலைவர் சீட்டுப் பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த முறை போனால் பருவம் முழுக்க எங்களுக்குப் பட்டினிதான்.

நைனா நகரவில்லை. "எம் பொண்டாட்டி சந்தைக்குப் போவலைன்னா, புடிச்ச மீன இன்னா மாமா பண்றது? திரும்ப ஏரிலயே உட்டுடவா?"

சிரிப்பு நின்றது. அங்கிருந்தவர்களின் மனைவிமாரும் அதே படகில்தான் போயிருந்தார்கள். தலைவர் பானையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"சீக்கிரம் எடுடா. எங்கூட்லயும் ஒல கொதிக்குது."