ஆர்டித்தின் இடம்

சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு யார் பேசினாலும் விளங்காது. மார்லிஸ் வோண்ட்ராசெக் பேசினால் மட்டும் விளங்கும். "சனிக்கிழம மத்தியானம் ஒரு மணி. வர்றியா, இல்லையா?" நாற்காலியில் இருப்பவர் கண்ணில் நுரை இறங்கக்கூடாதே என்ற கவலையில், சோளம் அறுக்க வேண்டும், மகள் வருகிறாள் என்று எதையாவது சொல்லிப் பார்ப்பார். மார்லிஸ் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காத்திருப்பாள். தலை காய்ந்தவர்களிடம் அவள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. "காஞ்ச தலைக்காரன் எந்திரிச்சுப் போயிருவான். ஈரத்தலையோட எங்க போவான்?" என்பாள்.

அயோவாவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில், கடைத்தெருவின் மூன்றாவது கடை அவளுடையது. ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. தலை இருந்தால் போதும். வயது எழுபத்துமூன்று. கடைக் கண்ணாடியில் எங்கள் ஊர்க் கல்லூரியின் ஃபுட்பால் அட்டவணை ஒட்டியிருக்கும். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, முட்டி மோதி விழுகிறார்களே, அந்த ஆட்டம். தோற்றால் பென்சிலில் எழுதுவாள், ஜெயித்தால் பேனாவில். மூன்று பருவங்களாகப் பேனாவுக்கு வேலை இல்லை. வரிசையாக இருபத்தாறு ஆட்டங்கள் போயின. ஆனாலும் அவள் வாயிலிருந்து 'தோத்துட்டோம்' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. "நேத்து அவனுங்க ஜெயிச்சிட்டானுங்க" என்பாள், நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

போன ஆகஸ்டில் கல்லூரி நிர்வாகம் ஒரு கடிதம் வெளியிட்டது. நவம்பரில் ஊரில் நடக்கும் கடைசி ஆட்டத்துக்கு ஐந்நூறு பேராவது வர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆண்டு முதல் அணி கிடையாது. செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் நூற்று நாற்பது பேர். மூவாயிரம் பேர் உட்காரும் இடம் அது.

அந்த மூவாயிரமும் நிறைந்திருந்த சனிக்கிழமைகளை மார்லிஸ் கத்தரிக்கோல் சத்தத்தோடு சொல்லுவாள். கடைக்காரர்கள் எல்லாம் கதவில் ஒரே மாதிரி அட்டையைத் தொங்கவிட்டுப் போய்விடுவார்களாம். எங்கே என்று எழுதத் தேவையிருந்ததில்லை. அறுவடை இயந்திரங்கள் வயலில் பாதியில் நிற்கும். பெரிய பானையில் பீன்ஸும் இறைச்சியும் கொதிக்கும். தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டி. அவள் கணவன் லீலண்ட் அப்போது அணியில் நடுவில் குனிந்து நின்று, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுக்கிறவன். யாரும் கவனிக்காத வேலை. பத்தொன்பது வயது மார்லிஸ் கவனித்தாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் கத்தரிக்கோல் கொஞ்சம் மெதுவாகப் போகும். ஊர் முழுக்க ஒரே பலகையில் தோளோடு தோள் இடித்து உட்காரும் நாள் அது ஒன்றுதான் என்பாள். சர்ச்சுகூட ஊரை மூன்றாகப் பிரிக்கிறது.

அதனால் அவள் ஊரைப் பிடித்து இழுத்தாள். ஈரத்தலைகளிடம் வாக்கு வாங்கினாள். தொலைபேசியில் நச்சரித்தாள். ஊர்த் தெற்கு ஓரத்தில் இறைச்சித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த குவாதமாலாக் குடும்பங்களின் வீடுகளுக்கு ரொட்டித் தட்டோடு போனாள். எல்லோரும் வந்தார்கள், ஒரு முறை. அடுத்த சனிக்கிழமை அவர்களைக் காணோம். அக்டோபர் நடுவிலும் எண்ணிக்கை இருநூறைத் தாண்டவில்லை. காரணம் அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் பதினைந்து வருடமாக நான் சொல்லவில்லை.

முடி வெட்டப் போன ஒரு வியாழக்கிழமை என் தலையும் ஈரமாயிற்று. "லைப்ரரிலயே கெடந்து மக்கிப் போகாத கண்ணு, சனிக்கிழம வா" என்றாள். அன்று ஏனோ வாய் திறந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் நான் ஆட்டத்துக்கு வந்ததைச் சொன்னேன். நான்காவது வரிசையில் உட்கார்ந்தேன். அரக்கு நிறக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்து தோளைத் தொட்டு, அது ஆர்டித்தின் இடம் என்று இனிக்க இனிக்கச் சொன்னாள். நகர்ந்தேன். அது டெல்பர்ட்டின் இடமாம். இன்னும் நகர்ந்தேன். அதற்கும் ஒரு பெயர் இருந்தது. சுற்றிலும் பலகை பலகையாகக் காலி. நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

"ஆர்டித் அரிசோனா போயி அப்பவே நாலு வருஷம் இருக்குமே," என்றாள். "யாரு உன்ன எழுப்பினது?"

"நீங்கதான்."

அந்தப் பலகைகளில் எண் கிடையாது, சீட்டும் கிடையாது. எது எந்தக் குடும்பத்தின் இடம் என்பது ஊரின் ஞாபகத்தில் இருந்தது. கூட்டம் முட்டிய காலத்தில் அது ஒழுங்கு. கூட்டம் போன பிறகும் ஒழுங்கு போகவில்லை. ஊரைவிட்டுப் போனவர்கள், செத்துப் போனவர்கள், எல்லோருடைய இடத்தையும் மரியாதையாகக் காலி விட்டு, இவர்கள் பல்லுப்போன வாய் போல அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்தவர்களை யாரும் திட்டவில்லை. புன்னகையோடு நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் நாகரிகம் ஒரு ஆளைக் காயம் தெரியாமல் துரத்தும்.

மார்லிஸ் என் தலையை ஒரு பக்கம் வெட்டாமலே விட்டுவிட்டாள். அன்று மாலையே வீடு வீடாகப் போகத் தொடங்கினாள். கேட்டது ஒன்றுதான்: உங்கள் இடத்தை விட்டுக் கொடுங்கள்; எல்லோரும் நடுவில் வந்து நெருக்கி உட்காருவோம்; வருகிறவர் விரும்பிய இடத்தில் உட்காரட்டும். பலர் பார்க்கலாம் என்றார்கள், அப்படியென்றால் மாட்டேன் என்று அர்த்தம். எண்பத்தொரு வயது விவசாயி டெல்பர்ட் மட்டும் நேராகவே மறுத்தார். அவருடைய அப்பா உட்கார்ந்த பலகை அது.

"உங்கப்பா என்னிக்காவது பக்கத்துல ஆள் இல்லாம உக்காந்து பாத்திருக்கியா, டெல்பர்ட்? நீதான் அவரத் தனியா உக்கார வெச்சிருக்க."

டெல்பர்ட் வெகுநேரம் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாராம். பிறகு, "அப்ப லீலண்ட் எடம்?" என்று கேட்டாராம்.

லீலண்ட் இறந்து ஆறு வருடம். ஆட்டத்துக்கு ஆட்டம் மார்லிஸ் தன் இடப்பக்கம் பலகையில் ஒரு போர்வையை மடித்து வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். அன்று வீட்டுக்குப் போய் அழுததாக என்னிடம் சொன்னாள். மறுநாள் காலையில் டெல்பர்ட்டைத் தொலைபேசியில் அழைத்து, "அதுவும்தான்" என்று சொல்லி வைத்துவிட்டாளாம்.

கடைசி ஆட்டத்தன்று காற்று ஊசியாகக் குத்தியது. மார்லிஸ் வாசலில் நின்று, வந்தவர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினாள். எங்கே உட்காருவது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எங்க வேணாலும். யாராவது ஏதாவது சொன்னா எங்கிட்ட அனுப்பு" என்றாள். லீலண்டின் இடத்தில் தெற்கு ஓரத்துக் குடும்பம் ஒன்று, அம்மாவும் இரண்டு பெண்களுமாக, உட்கார்ந்துவிட்டது. அவள் போர்வையை விரித்து அவர்கள் முழங்கால்களில் போர்த்திவிட்டு அருகே நெருக்கி உட்கார்ந்தாள். நான் அவர்களுக்கு அடுத்த பின்வரிசையில். ஆர்டித்தின் இடம் அதுதானா என்று எனக்கு நிச்சயமில்லை, யாரும் வந்து சொல்லவுமில்லை. டெல்பர்ட் முதல் அரை மணி நேரம் விறைப்பாக இருந்தார். அதன் பிறகு பக்கத்திலிருந்த அந்நிய மனிதனிடம், நடுவர் குருடன் என்பதை விளக்கத் தொடங்கினார்.

எங்கள் பையன்கள் வழக்கம் போலத்தான் ஆடினார்கள். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது எதிரணி இருபத்தேழு, நாங்கள் ஆறு. அந்த ஆறுக்கு எழுந்த கூச்சலில் பலகைகள் அதிர்ந்தன. சிலர் மணி பார்த்தார்கள். யாரும் கிளம்பவில்லை.

அப்போதுதான் அறிவிப்பாளர் கேலன் தொண்டையைச் செருமினார். இன்று வந்திருப்பவர்களின் எண்ணிக்கை, என்று ஆரம்பித்துத் தாளைப் புரட்டும் ஓசை ஒலிபெருக்கியில் கேட்டது. மார்லிஸ் நன்றாகக் கேட்க இரண்டு கைகளாலும் கம்பளித் தொப்பியைக் காதுக்கு மேலே தள்ளினாள்.

ஐந்நூற்றுப் பதினெட்டு.

ஊர் காலால் பலகையை உதைத்தது. அந்தச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று; அடங்கும்போதெல்லாம் யாராவது மறுபடி ஆரம்பித்தார்கள். பனி தூறத் தொடங்கியிருந்தது. குவாதமாலாக்காரி தன் காதைத் தொட்டுக் காட்டி, இழுத்து மூடிக்கொள்ளுங்கள் என்று மார்லிஸுக்குச் சைகை செய்தாள். மார்லிஸ் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை அப்படியே, சிவந்துபோன இரண்டு காதுகளையும் காற்றில் விட்டு உட்கார்ந்திருந்தாள்.