கட்டம்மா பார்க்காத கட்டம்

அட்டவணைக் கட்டத்தில் இருப்பதைக் கட்டம்மா மூச்சை அடக்கிக்கொண்டுதான் அழிப்பார். ரப்பர் துகள் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டால் அங்கே நிற்கும் மாணவியின் பிரசவ வார்டு அழுக்காகிவிடுமாம். அழித்து முடித்ததும் சுண்டுவிரலால் துகளை மேசை ஓரத்துக்குத் தள்ளி, இடது உள்ளங்கையில் ஏந்தி, குப்பைக்கூடையில் உதறிவிட்டு, கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவுவார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வெளியே வரும். எதிரே நிற்பவர்களுக்கும் அப்போதுதான் வரும்.

நர்சிங் கல்லூரியின் மாடிப்படிக்குக் கீழே, சட்டென்று எழுந்தால் தலை இடிக்கிற அறையில், பத்தொன்பது வருடமாக இதே வேலை. நூற்றிருபது மாணவிகள், ஏழு ஆஸ்பத்திரிகள். யார், எந்த நாள், எந்த வார்டில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை நின்று தொழில் பழக வேண்டும் என்று கட்டம் போட்டு நிரப்புவது அவர் பொறுப்பு. ‘பயிற்சி ஒருங்கிணைப்பாளர்’ என்று கதவில் பலகை இருக்கிறது. மாணவிகளுக்கு முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கட்டம்மா. பலகையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

காலிக் கட்டம் என்றால் அவருக்குப் பல் கூசும். “ஒரு கட்டம் காலியா இருந்தாலும் எனக்குச் சாப்பாடு எறங்காது” என்பார். வீட்டிலும் அப்படித்தான். குளியலறைக் கதவில் ஒரு கட்டம், ஃபிரிட்ஜ் மேல் ஒரு கட்டம். அவருடைய கணவர் சாதுவான மனிதர். விடுமுறை நாளில் காலை எழுந்ததும் ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்று, “இன்னிக்கி நான் சந்தோஷமா இருக்கலாமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்” என்று கேட்பார். “பதினொண்ணரைக்கு மேல” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

இத்தனைக்கும் அவர் ஒரு வார்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. மருந்து வாசனை ஒத்துக்கொள்ளாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை ஆய்வுக்குப் போனவர், ஆஸ்பத்திரி வாசலிலேயே சுருண்டு விழுந்தார். அப்போது அங்கே பயிற்சியில் இருந்த மாணவிக்கு முதலுதவியில் இரண்டு மணி நேரம் சேர்ந்தது. கண் விழித்ததும் அதைக் கட்டத்தில் குறித்துக்கொண்டார். மறுபடி போகவில்லை.

அவருடைய தலைசிறந்த படைப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், அது வேனக்காதான்.

வேனக்கா மூன்றாம் வருட மாணவி. வகுப்பில் மற்றவர்களைவிடப் பத்து வயது மூத்தவள். மழலையர் பள்ளி வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே படிப்பவள்; அதனால்தான் வகுப்பில் அவள் வேனக்கா. அவளுக்கு மட்டும் கட்டம்மா மேடம் இல்லை, அக்கா. இந்த வாரம் காலை நடை, அடுத்த வாரம் மதிய நடை, அதற்கடுத்த வாரம் இரண்டும். எது என்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேன் டிரைவர் போன் செய்த பிறகுதான் தெரியும். வேறு யாராக இருந்தாலும், “ஒண்ணு வேனு, இல்ல நர்சிங்கு. ரெண்டுல ஒண்ணச் சொல்லிட்டு வா” என்று அனுப்பியிருப்பார்கள். கட்டம்மா அப்படிச் சொல்லவில்லை. “உன் நேரத்தை எங்கிட்ட விடு. அது எவ்வளவு கோணலா இருந்தாலும் நான் நேராக்கிக் காட்டறேன்” என்றார்.

நேராக்கினார். செவ்வாய் இரண்டிலிருந்து நான்கு வரை ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு. வியாழன் ஆறிலிருந்து எட்டு வரை இன்னொன்றில் எலும்பு முறிவு. சனிக்கிழமை மூன்றாவது ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டில் கிடைத்த மூன்று மணி நேரம். தையற்காரர் வெட்டி எறிந்த துணுக்குகளைப் பொறுக்கி முழுப் போர்வை தைத்த மாதிரி, ஏழு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மணி மணியாகப் பொறுக்கி அவளுக்குக் கணக்கை நிரப்பினார். அந்த அட்டவணையைப் புகைப்படம் எடுத்துக் கைப்பேசியின் முகப்பில் வைத்திருந்தார். அதுவரை அந்த இடத்தில் இருந்தது கணவரின் படம்.

இந்த நிலையில்தான் ஒரு புதன்கிழமை மதியம், பரீட்சைக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்குப் பதினேழு நாள் இருக்கும்போது, இன்னும் முப்பதே முப்பது மணி நேரப் பயிற்சி பாக்கி இருக்கும்போது, வேனக்கா வந்து பயிற்சி ஏட்டை மேசையில் வைத்தாள். அதன்மேல் ஒரு கடிதத்தையும் வைத்தாள்.

“என்னடி இது?”

“படிப்ப நிறுத்திக்கறேன்க்கா.”

கட்டம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்தார். மாடிப்படியின் அடிப்பாகம் தலையில் இடித்தது. உட்கார்ந்தார்.

“முப்பது மணி நேரம்டி! இந்தா பாரு, பதினோரு துண்டாப் பிச்சு, அழகா அடுக்கி வெச்சிருக்கேன். இத விட்டா இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கணும், தெரியுமில்ல?”

“ஒரு வருஷம் கழிச்சும் வரமாட்டேன்க்கா. எனக்கு ராசி இல்ல. நான் போற எடத்துல ஒருத்தருக்கும் சரியாகறதில்ல.”

“எவ சொன்னா?”

“எவளும் சொல்லல. நான்தான் பாக்கறேனே. எட்டாம் நம்பர் கட்டில்ல ஒருத்தருக்கு நெத்தியத் தொடச்சு, தண்ணி குடுத்து, போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வருவேன். நீங்க மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பறது பத்து நாள் கழிச்சு. போய்ப் பாத்தா எட்டாம் நம்பர்ல வேற ஆளு. முன்ன இருந்தவரு என்ன ஆனாருன்னு கேக்கப் பயமா இருக்கும். கேக்க மாட்டேன்.”

“வீட்டுக்குப் போயிருப்பாருடி, லூசு!”

“நீங்க பாத்தீங்களா?”

கட்டம்மா கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, மறுபடி செருகிக்கொண்டார். 

“மூணு வருஷம்க்கா. ஒரே ஒருத்தர், செருப்ப மாட்டிக்கிட்டு வாசல் தாண்டி வெளிய போறத நான் பாத்ததில்ல. படுத்திருக்கறவங்களத்தான் பாத்திருக்கேன். இது எனக்கு ஆகாதுக்கா.” சொல்லிவிட்டு மதிய நடைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

கட்டம்மா ஏட்டைத் திறந்தார். நாள், நேரம், ஆஸ்பத்திரி, கட்டில் எண், நோய், செய்த வேலை, மணிக்கணக்கு. ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் அவருடைய முத்திரை, இம்மிகூடச் சாயாமல் கட்டத்தின் நட்டநடுவில். அதை ஒட்டினாற்போல் இடப்பக்கம் ஒரு கட்டம் இருந்தது. தலைப்பு ‘முடிவு’. நோயாளி பிறகு என்ன ஆனார் என்று எழுத வேண்டிய இடம். இந்த ஏட்டை அச்சடிக்கக் கொடுத்ததே அவர்தான். முத்திரை குத்தும்போது மணிக்கணக்கைத் தவிர வேறொன்றையும் அவர் பார்த்ததில்லை.

முதல் வரிசையில் ‘தெரியாது’ என்று இருந்தது. இரண்டாவதில் ‘தெரியாது’. பக்கம் புரட்டினார். தெரியாது, தெரியாது, தெரியாது. நூறாவது வரிசைக்குப் பக்கத்தில், ‘தெரியாது. பேத்திக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார்’ என்று ஒன்று. நூற்றுமுப்பதுக்கு மேல் அவளுக்கே கை ஓய்ந்திருக்க வேண்டும். மேலே உள்ளதேதான் என்பதற்கான இரட்டைக் கோடுகள் மட்டும் வரிசையாக இறங்கின. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு நோயாளிகள். அத்தனை பேருக்கும் பக்கத்தில் அவருடைய முத்திரை.

பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தவர், அலமாரியைத் திறந்து மற்ற மாணவிகளின் ஏடுகளில் பத்தை உருவிப்போட்டுப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் எல்லாம் இருந்தது. ‘நலமாகி வீடு திரும்பினார்.’ ‘இறந்தார்.’ ‘மாத்திரை கசக்கிறதென்று சண்டை போட்டுக் கிளம்பிவிட்டார்.’ அந்தப் பெண்களையெல்லாம் அவர் பெரிதாக யோசிக்காமல், வாரம் வாரமாக ஒரே வார்டில் தள்ளிவிட்டிருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துப் போட்டது இந்த ஒருத்திக்குத்தான்.

மேசையில் கடிதம் கிடந்தது. அதைத் திருப்பினார். பின்பக்கம் காலியாக இருந்தது. காலியாக எதுவும் இருக்கக் கூடாதே. கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டம் போட்டார். பிறகு போனை எடுத்து, ஏழு ஆஸ்பத்திரிகளில் ஒன்றின் தலைமை நர்சான மேட்ரனைக் கூப்பிட்டார்.

“திங்கக்கெழம சேந்து, வெள்ளிக்கெழம கண்டிப்பா குணமாகிப் போற மாதிரி எனக்கு ஒரு பேஷன்ட் வேணும்.”

“ஏம்மா, இது ஆஸ்பத்திரியா, துணிக்கடையா?” என்றார் மேட்ரன். “என்ன கலர்ல வேணும்?”

“வெளையாடாதீங்க. ஒரு புள்ளையோட மூணு வருஷம் போயிடும்.”

மேட்ரன் பதிவேட்டைப் புரட்டுவது போனில் கேட்டது. “குடலிறக்க ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. பூட்டு ரிப்பேர் பண்றவரு. ஆளு முசுடு. கேரண்டியெல்லாம் கெடையாது, சொல்லிட்டேன்.”

ஐந்து நாள், தினம் ஆறு மணி நேரம், ஒரே கட்டில். கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பட்டையாக ஓடின. அப்படியானால் அந்த வாரம் வேனுக்கு யார்? டிரைவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், நம்பிக்கையான பெண் ஆள் இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேனென்று. கட்டம்மா அன்று சாயங்காலமே விடுப்புக் கடிதம் கொடுத்தார். பிரின்சிபால் அதை இரண்டு முறை படித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “வீட்ல யாராச்சும் தவறிட்டாங்களா?” என்று கேட்டார்.

மறுநாள் வேனக்காவைக் கூப்பிட்டனுப்பி விஷயத்தைச் சொன்னார். “நீங்களா? வேன்லயா? பசங்க கடிச்சு வெச்சுடுவாங்கக்கா.”

“அத நான் பாத்துக்கறேன். அஞ்சே நாள் போய் அந்த மனுஷன் பக்கத்துல நில்லு. அப்பவும் ராசி இல்லன்னா, இந்த லெட்டர நானே பிரின்சிபால்கிட்ட குடுக்கறேன்.”

திங்கட்கிழமை காலை, பதினான்கு குழந்தைகளுக்கும் இறங்கும் வரிசைப்படி கட்டம் போட்டு எடுத்துக்கொண்டு கட்டம்மா வேனில் ஏறினார். முதல் தெரு திரும்புவதற்குள் மூன்றாம் கட்டம் ஐந்தாம் கட்டத்தின் மடியில் இருந்தது. ஏழாம் கட்டம் ஒற்றைச் செருப்போடு அழுதுகொண்டிருந்தது. பத்தாம் கட்டம் அந்தத் தாளையே வாயில் போட்டு மென்றது. “டீச்சரம்மா, நீங்க எத்தனாவது கட்டம்?” என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

சாயங்காலங்களில் வேனக்கா போன் செய்தாள். திங்கள் ஆபரேஷன் முடிந்தது. செவ்வாய் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிற்கவைத்தாள். புதன், ஆஸ்பத்திரி சூப் வாயில் வைக்கிற மாதிரி இல்லையென்று அவளைத் திட்டினார். “என்ன திட்டுனாரு? அப்படியே சொல்லு” என்று கட்டம்மா ஆசையாகக் கேட்டார்.

வியாழக்கிழமை போன் சீக்கிரமே வந்தது. “காய்ச்சல்க்கா. நூத்திரண்டு. வெள்ளிக்கெழம விட மாட்டாங்களாம். நான்தான் சொன்னேன்ல.”

கட்டம்மா கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளிக்கு மேல் அதில் கட்டம் இல்லை. வெள்ளியோடு முப்பது மணி நேரமும் நிரம்பிவிடும். அதற்கு மேல் அவள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் எந்தக் கணக்கிலும் சேராது. கணக்கில் சேராத மணி நேரத்தை யாருக்கும் அவர் ஒதுக்கியதில்லை.

“சனிக்கெழமயும் போ. ஞாயித்துக்கெழமயும் போ,” என்றார். “அந்தக் கட்டில விட்டு நகராத.” போனை வைத்துவிட்டு, தாளில் இடமில்லாததால் இடது உள்ளங்கையில் பேனாவால் இரண்டு கட்டம் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. போனைக் கையில் எடுப்பார், அவள் பெயர்வரை போவார், கீழே வைப்பார். “நீயே கூப்ட்டுக் கேட்டுட வேண்டியதுதானே?” என்றார் கணவர்.

“கேக்கப் பயமா இருக்கு” என்றார் கட்டம்மா. சொன்ன பிறகு, அந்த வார்த்தையை எங்கே கேட்டோம் என்று ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிட்டார். கணவர் ஃபிரிட்ஜைப் பார்க்காமலேயே எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வேனக்கா வந்தாள். ஏட்டை மேசையில் வைத்தாள். கட்டம்மா அதைத் தன் பக்கம் இழுத்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். நாளைப் பார்க்கவில்லை, மணிக்கணக்கைப் பார்க்கவில்லை. விரல் நேராக அந்தக் கட்டத்துக்குப் போனது.

‘ஞாயிறு காலை வீட்டுக்குப் போனார். சக்கர நாற்காலி வேண்டாமென்று நடந்தே போனார். செருப்பை நான் மாட்டிவிட்டேன், இடது வலது மாறிவிட்டது, திட்டினார். கார்க் கதவின் பூட்டு சரியில்லை என்று டிரைவரையும் திட்டினார். தெரு முனையில் திரும்பும்வரை கையாட்டினார்.’

எழுத்து ‘முடிவு’க் கட்டத்தை விட்டு வழிந்து, கோட்டைத் தாண்டி, முத்திரை குத்த வேண்டிய கட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது.

“எடம் பத்தலக்கா,” என்றாள் வேனக்கா. “அழிச்சுச் சின்னதா எழுதித் தரட்டுமா? அப்புறம், அந்த லெட்டரு...”

“அதோட பின்பக்கத்துல நான் கட்டம் போட்டிருக்கேன். தர முடியாது.”

பழக்கதோஷத்தில் கட்டம்மாவின் கை ரப்பரை எடுத்திருந்தது. மூச்சுகூட அடங்கியிருந்தது. ரப்பரை இழுப்பறைக்குள் போட்டார். முத்திரையை மையில் ஒற்றினார். ஏட்டைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, ஓர் எழுத்தின்மேலும் படாமல், கோட்டுக்கு வெளியே, ஓரத்து வெள்ளையில் குத்தினார்.