ஹெல்மெட் போடச் சொன்னவர்

நான் தினமும் போகும் கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோவில் அவர் எப்போதும் இருவர் இடத்தை அடைத்து உட்காருவார். அவருடைய தோள்பையில் இருந்த பேட்டரியில்தான் நெஞ்சுக்குள் பழுதான இதயத்துக்குத் துணையாக வைத்த பம்ப் ஓடியது. உடம்பு இளைத்தால்தான் மாற்று இதயம் வைக்க முடியும் என்று டாக்டர்கள் சொன்னதால், இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். சில மாதங்களில் ஒருவர் இடத்துக்குள் அடங்கிவிட்டார். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போகிறவர்களை அதட்டும் பழக்கம் மட்டும் குறையவில்லை.

"இனிமே இதயம் கெடச்சிடும் இல்லண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"லிஸ்ட்ல பேரு கீது. எவனாச்சும் வண்டிலேந்து வுயுந்து மண்ட ஒடஞ்சாத்தான் எனக்கு வரும்" என்றார்.

அப்போது ஒருவன் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு எங்களை முந்தினான். இவர் பையை இறுக்கிப் பிடித்தபடி வெளியே தலையை நீட்டினார்.

"டேய், தலைல மாட்றா!"

அவன் ஓரமாக நிறுத்தினான். அவன் அதைத் தலையில் மாட்டும்வரை, இவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.