ஒற்றரின் ஒற்றைத் தலைவலி

"என் கண்ணைத் தாண்டி ஒரு புள்ளிகூடப் போக முடியாது. நான் பார்த்த பக்கத்தை இன்னொருத்தர் பார்க்கணும்னு ஒரு நாள் வந்தா, அன்னைக்கே சிவப்புப் பேனாவை மூடி வெச்சுடுவேன்!"

அச்சகத்தின் முதலாளி உள்ளிட்ட பதினொரு பேர் முன்னிலையில், மாலைத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது, நம்மவர் செய்த பிரகடனம் இது. பதினொருவரில் ஒருவரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் பிரகடனம் பிரகடனம்தான்.

அவர் மெய்ப்புத் திருத்துபவர். அச்சேறப் போகும் தாளை முன்கூட்டியே படித்து, பிழைகளைச் சிவப்பு மையால் சுழிப்பவர். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் வேட்டை நாய்போல் மோப்பம் பிடித்துவிடுவார். அதனால் அச்சகத்தில் அவருக்கு 'ஒற்றர்' என்று பெயர். வீட்டிலும் பதவி விலகுவதில்லை. ஒருமுறை அவர் மனைவி, 'சோப்பு வாங்க மறக்க கூடாது' என்று சீட்டு எழுதிச் சட்டைப் பையில் வைத்தார். 'மறக்கக் கூடாது' என்று திருத்தி எடுத்துவந்து கொடுத்தார் ஒற்றர். சோப்பு வரவில்லை.

இத்தகைய மனிதரின் கண்ணில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் ஓட்டை விழுந்தது.

தண்ணீர் மோட்டார் ஒன்றின் கையேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இயக்கம்' என்ற சொல்லில் நடு எழுத்தைக் காணோம். கடுங்கோபத்துடன் சுழித்தார். அடுத்த சொல்லிலும் நடுவைக் காணோம். அதற்கடுத்ததிலும். தாளைச் சற்று நகர்த்தினார். ஓட்டையும் கூடவே நகர்ந்தது. அதன் ஓரத்தில் ரம்பத்தின் பல்லைப்போல் ஒரு வெளிச்சம், நெளிந்து நெளிந்து வளர்ந்தது. இடக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். வலக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். இரண்டிலும் ரம்பம் இருந்தது.

எதிர்மேசையில், கணினியில் பக்கம் கட்டும் பெண் ஏதோ கேட்டாள். அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவளுக்கு மூக்கு இல்லை.

"என்னண்ணே, பேயைப் பார்த்த மாதிரி பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ வேலையைப் பாரு."

சுமார் இருபது நிமிடத்தில் ரம்பம் தானாகவே விலகியது. அவள் மூக்கும் திரும்பி வந்தது. பின்னாலேயே தலைவலி வந்தது. தலைவலி அவருக்குப் பழைய விருந்தாளி. பள்ளிக்கூட நாளிலிருந்தே மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது, இந்த மூன்று மாதமாக மூட்டை முடிச்சோடு வந்து தங்கிவிட்டது. ஆனால் இந்த ஓட்டை புதிது. கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, இருட்டில் நின்றார். மூளையில் கட்டி. சந்தேகமே இல்லை. கண் போகும், வேலை போகும், அப்புறம் ஆளும் போவார். இரங்கல் சுவரொட்டி இதே அச்சகத்தில்தான் அடிப்பார்கள். அதை யார் பிழை பார்ப்பது? இந்தக் கேள்வியில்தான் அவர் உண்மையாகவே பயந்துபோனார்.

வீட்டில் மனைவி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"மறுபடியும் தலைவலியா? எங்கக்காவுக்கு இருக்கிற மாதிரி ஒற்றைத் தலைவலியா இருக்கும்ங்க."

"எனக்கு ரெண்டு பக்கமும் வலிக்குது. ஒற்றைன்னா ஒரு பக்கம். வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம பேசாத."

ஆக, இலக்கணப்படி அவருக்கு ஒற்றைத் தலைவலி இருக்க வாய்ப்பே இல்லை. எனவே கட்டிதான். தமது சாவைத் தாமே சந்தி பிரித்து நிரூபித்துக்கொண்டவர் உலகிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் போனால் அவர் வாயாலேயே கட்டி என்று சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் மறுநாள் மருந்துக்கடைக்குப் போனார். கடையில் மருந்தாளரான ஓர் அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"என் மச்சானுக்குத் தலைவலிங்க. பலமா ஒரு மாத்திரை வேணும்."

"வெளிச்சம் பட்டா கூசுமா உங்க மச்சானுக்கு?"

"கூசும்."

"வயித்தைப் புரட்டுமா? மாடிப்படி ஏறினா அதிகமாகுமா?"

"ஆமாங்க. கண்ணுல ரம்பம் மாதிரி ஒண்ணு வேற…" குழல்விளக்கைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "மச்சான் பொழைப்பாருங்களா?"

அம்மாள் கடையின் குழல்விளக்கை அணைத்தார். "மச்சானை இப்படி உட்காரச் சொல்லுங்க சார்."

ஒற்றர் உட்கார்ந்தார்.

"வலி ஒரே நிமிஷத்துல இடி விழுந்த மாதிரி வந்துச்சா? கை கால் இழுத்துச்சா? வாய் குழறுச்சா? காய்ச்சல், கழுத்து விறைப்பு?"

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுத்தார். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு பிடி உயிர் திரும்பி வந்தது.

"இதுல ஒண்ணு இருந்தாலும் உங்களை இங்க உட்கார விட்டிருக்க மாட்டேன், நேரா ஆஸ்பத்திரிதான். நீங்க சொல்றது ஒற்றைத் தலைவலி மாதிரிதான் இருக்கு."

"ரெண்டு பக்கமும் வலிக்குதேம்மா!"

"சிலருக்கு அப்படியும் வரும். பேர் வெச்சவர் உங்க தலையைப் பார்த்தா வெச்சாரு? ஆனா கண்ணுல வந்தது புதுசு. அதனால இந்த வாரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். இப்ப சொல்லுங்க, என்ன மாத்திரை போடறீங்க?"

காலையில் தலைவலி மாத்திரை ஒன்று, மதியம் ஒன்று, மண்டை கனத்தால் சளி மாத்திரை ஒன்று. மூன்று மாதமாக, கிட்டத்தட்ட தினமும். வயிறு எரிகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அம்மாள் அந்த இரண்டு மாத்திரை அட்டைகளையும் அலமாரியிலிருந்து எடுத்து அருகருகே வைத்தார். "ரெண்டுக்கும் பேர்தான் வேற. உள்ள இருக்கறது ரெண்டுலயும் பாராசிட்டமால். சேர்த்துச் சாப்பிட்டா அளவு மீறிடலாம், மீறினா ஈரல் தாங்காது. வயிறு எரியுதுங்கறீங்க, அதனால வயித்தைப் புண்ணாக்கற ஐபுப்ரூஃபன் வலி மாத்திரையை உங்களுக்கு நானா தர மாட்டேன். அப்புறம், தினமும் போட்டா…" தலைவலி மாத்திரைப் பெட்டியிலிருந்து எட்டாக மடித்த தாளை உருவிப் பிரித்தார். "இதுலயே இருக்கு பாருங்க."

ஒற்றரின் முகம் மலர்ந்தது. பயத்துக்கு நடுவிலும் மலர்ந்தது. "இது எங்க அச்சகத்துல அடிச்சதும்மா! நான் பார்த்தது!"

"பார்த்தீங்க. படிச்சீங்களா?"

ஒற்றர் வாங்கிப் பார்த்தார். 'வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் வழக்கமாக உட்கொண்டால் இம்மருந்தே தலைவலியைத் தோற்றுவிக்கக்கூடும்.' அந்த வரி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. 'தலைவலியை தோற்றுவிக்கக்கூடும்' என்று வந்ததில் 'த்' சேர்த்தவர் அவரே. மருந்து நிறுவனத்தோடு தொலைபேசியில் சண்டை பிடித்துச் சேர்த்த 'த்' அது. புள்ளி தப்பவில்லை. வாக்கியம்தான் முழுசாகத் தப்பிப் போயிருந்தது.

"தினமும் போடறதை நிறுத்துங்க," என்றார் அம்மாள். "முதல் சில நாள் வலி கூடும், பயந்துடாதீங்க. அப்புறம் வலி ஆரம்பிக்கும்போதே, முத்த விடாம, அட்டையில போட்ட அளவு. வாரத்துல ரெண்டு நாளைக்கு மேல வேண்டாம். போட்ட தேதியைக் குறிச்சு வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. மச்சானுக்கும் சொல்லிடுங்க."

அந்த வாரமே போய்க் காட்டியபோது, மருத்துவர் கண்ணில் விளக்கடித்து, முழங்காலைத் தட்டி, விரலைப் பின்தொடரச் சொல்லி, அம்மாள் சொன்னதையே சொன்னார். பயம் முழுசாகப் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. ஒரு மாதம்வரை ஒவ்வொரு சொல்லிலும் நடு எழுத்து இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டேதான் படித்தார்.

பிறகொரு நாள், பதினொன்றேகால் மணிக்கு, ரம்பம் திரும்பி வந்தது. இந்த முறை கழிவறைக்கு ஓடவில்லை. நாட்காட்டியில் தேதியைச் சுழித்தார். ரம்பம் மங்கி நெற்றியில் முதல் துடிப்பு தெரிந்ததும் மாத்திரையை விழுங்கினார். மேசைமேல் இருந்த மெய்ப்பை எடுத்துப் பக்கம் கட்டும் பெண்ணின் முன்னால் வைத்தார்.

"கண்ணு சரியில்லம்மா. இதை நீ ஒரு தடவை பாரு. படிச்சும் பாரு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். சற்று நேரத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அண்ணே… நீங்க பார்த்து முடிச்ச பக்கத்துல, ஆறாவது வரியில ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கு."

"வெச்சுடு."

சிவப்புப் பேனாவைத் திறந்தபடியே அவளிடம் நீட்டிவிட்டு, காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த இருட்டறைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.