பட்டமளிப்புப் படத்தில் என் கணவரை நிற்க வைத்தாள் கங்கையம்மன்

அம்மனை நம்பி விளக்கேற்றும் சகோதரிகளே, போன தை மாதம் என் கணவரைக் கடலில் தொலைத்துவிட்டுத் தவித்தேன். அதற்கப்புறம் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

என் பெயர் செல்வி. ஊர் கோவளம். ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் என் கணவர் முருகனும் கூட்டாளி ஆறுமுகமும் ஃபைபர் படகில் போனார்கள். மதியம் திரும்ப வேண்டியவர்கள் திரும்பவில்லை. போன் போகவில்லை. தேடிப்போன படகுகள் இருட்டியதும் வெறுங்கையோடு திரும்பின. மறுநாள்தான் எங்கள் ஒரே மகள் தீபாவுக்குப் படூர் பக்கம் கல்லூரியில் பட்டமளிப்பு விழா. எங்கள் இரண்டு குடும்பத்திலும் அவள்தான் முதல் பட்டதாரி. கருப்பு அங்கியோடு அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்து, வாசலுக்கு நேராக மாட்ட வேண்டுமென்று அவர் ஆணியே அடித்து வைத்திருந்தார்.

"நான் போவலம்மா" என்று தீபா அழுதாள்.

"நீ போவலன்னா, உங்கப்பா வரமாட்டாருன்னு நாமளே முடிவு பண்ண மாதிரி ஆயிடும். கெளம்புடி" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை தேடும் படகுகள் மறுபடி கிளம்பின. நாங்கள் கங்கையம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் பஸ் ஏறினோம். சன்னதியில் எனக்கு வேண்டுதல் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மகள் பட்டம் வாங்கினாள். வெளியே மைதானத்தில் போட்டோக்காரர் ஒருவர் நீலத் திரை கட்டி, நாற்காலி போட்டிருந்தார். குடும்பம் குடும்பமாக வரிசை. எங்கள் முறை வந்தது.

"அப்பா வரலையாம்மா? போன்ல அவரு போட்டோ இருந்தா குடுங்க. பக்கத்துல நிக்கிற மாதிரி ஒட்டிக் குடுத்துர்றேன்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எங்கள் தெருவில் அப்படி ஒட்டிய படங்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். எல்லோரும் கடல் கொண்டு போனவர்கள்.

"ஒட்டாதீங்க. அவரே வந்து நிப்பாரு" என்றேன்.

"இந்தக் கருப்புக் கோட்ட சாயங்காலம் திருப்பித் தரணுமேம்மா?" என்றாள் தீபா.

"அதுக்குள்ள வருவாரு."

எந்தத் தைரியத்தில் சொன்னேனோ! மகளை இழுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் வேண்டுதல் வந்தது. வேண்டுதல் என்ன, சண்டைதான். "தாயே, என் புருஷன ஒட்டுப்படமா ஆக்கிடாத. இவ கோட்ட கழட்டறதுக்குள்ள ஆளா அனுப்பு. தை வெள்ளி உனக்கு மட்டுமா? எனக்கும்தான்." சத்தமாகவே கேட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வெயில் சாய்ந்தது. அங்கிகளைத் திரும்ப வாங்குபவர்கள் பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். தீபா கழற்றப் போனாள். என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"செல்வி, நாந்தான். சதுரங்கப்பட்டினத்துல கீறேன். எஞ்சின் நின்னுபோச்சு, தண்ணி தெக்கால இஸ்துகினு பூட்ச்சு. இந்த ஊரு படகுக்காரங்க பாத்து கரைக்குக் கொண்டாந்தாங்க. ஆறுமுகமும் நல்லா கீறான்." அடுத்து என்ன கேட்டார் தெரியுமா? "பாப்பா கோட்டு போட்டுச்சா?"

"வூட்டுக்குப் போவாத. நேரா காலேஜுக்கு வாய்யா" என்றேன்.

போட்டோக்காரர் ஓடிப்போய், இன்னும் கொஞ்ச நேரம் அங்கி தீபாவிடமே இருக்கட்டும் என்று அங்கி வாங்குபவர்களிடம் கெஞ்சினார். மற்றவர்களெல்லாம் போய்விட்டார்கள். திரையை மட்டும் அவிழ்க்காமல் அவர் எங்களோடு நின்றார். ஒரு புண்ணியவானின் டூவீலரில் என் கணவர் வந்து இறங்கினார். இரவல் சட்டை, அழுக்கு லுங்கி, கேட்டைத் தாண்டமாட்டேன் என்கிறார்.

"இந்தக் கோலத்துல எப்டிம்மே உள்ள வர்றது?"

தீபா அங்கி காற்றில் பறக்க ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். மூன்று பேரும் நின்றோம். போட்டோக்காரர் படம் எடுத்தார்.

மறுவாரம் போட்டோக்காரர் போன் செய்தார். "அப்பா முகத்துல வெள்ளை வெள்ளையா இன்னாமோ கீதும்மா. எடுத்துடட்டா?"

"அது கடல் உப்புங்க. அப்டியே இருக்கட்டும்."

இப்போதெல்லாம் எந்த வீட்டுப் படகு தாமதமானாலும் நான் அந்த வீட்டுப் பெண்ணோடு போய் உட்கார்ந்துவிடுகிறேன். கடல் கொண்டுபோன மற்றவர்களை அம்மன் ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியாது. அதையும் அவளிடமே கேட்கிறேன். எனக்கு அவள் செய்ததை மட்டும் என்னால் மறைக்க முடியாது. தாயிடம் கேட்க நமக்கென்ன கூச்சம்? நீங்களும் வாய்விட்டுக் கேளுங்கள், சகோதரிகளே. நம் சண்டையையும் காது கொடுத்துக் கேட்கிறவள் அவள்.